கணக்கு வராத பிள்ளையா, கவனிக்கப்படாத பிள்ளையா?

"என் பிள்ளைக்குக் கணக்கு வராது" என்ற பேச்சு நம் வீடுகளில் சர்வசாதாரணம். உம்மா சொல்வார், வாப்பா சொல்வார், டியூஷன் ஆசிரியரும் சொல்வார். கொஞ்ச நாளில் பிள்ளையே அதைச் சொல்லத் தொடங்கிவிடும். இந்தப் பேச்சு வீட்டோடு நின்றால் அதைச் சரிசெய்துவிடலாம். பள்ளிக்கூடமும் அதே முடிவுக்கு வந்து, பிள்ளையை ஒரு கீழ்நிலை வகுப்பில் உட்கார வைத்துவிட்டால், அதன் விளைவு கல்லூரி, வேலை, வருமானம் என்று நீண்டுகொண்டே போகும்.

அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளைக் கணித வகுப்புகளில் பிரித்து அமர்த்தும் முறையைப் பற்றி இந்தக் கட்டுரையில் பார்க்கிறோம். அமெரிக்காவை எடுத்துக்கொள்ள இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று, நியூ ஜெர்சி, டெக்ஸாஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் நம் உறவுக்காரப் பிள்ளைகள் ஏராளமானோர் படிக்கிறார்கள். அவர்களின் பெற்றோர் படித்த பள்ளிக்கூடம் வேறு, அங்குள்ள முறை வேறு. இரண்டாவது, இந்தப் பிரிவினையில் இனம், பணம், கற்றல் குறைபாடு ஆகிய மூன்றும் எப்படிக் கலந்து வேலை செய்கின்றன என்பது அங்கே அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீதிமன்றத் தீர்ப்புகளிலும் ஆய்வுகளிலும் சட்டங்களிலும் பதிவாகி இருக்கிறது. அந்த அனுபவம் எந்த ஊரில் பிள்ளை வளர்ப்பவருக்கும் உதவும்.

ஆறாம் வகுப்பில் போடப்படும் முடிச்சு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக் கணிதம் ஓர் ஏணி மாதிரி. முதல் படி அல்ஜீப்ரா 1. அடுத்து ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ், கடைசியில் கால்குலஸ். ஆண்டுக்கு ஒரு படி என்பதே வழக்கமான வேகம். முந்தைய படியைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போக முடியாது.

இப்போது விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 படிக்கும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் படிக்கலாம். ஒன்பதாம் வகுப்பில் அதைத் தொடங்கும் பிள்ளை பிரீகால்குலஸோடு பள்ளியை முடித்துவிடும். பொறியியலுக்கோ, போட்டி மிகுந்த பல்கலைக்கழகங்களுக்கோ விண்ணப்பிக்கும்போது இந்த ஒரு படி வித்தியாசம் பெரிதாகத் தெரியும். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா படிக்க வேண்டுமானால் ஆறாம், ஏழாம் வகுப்புகளிலேயே வேகமான கணித வகுப்பில் இருந்தாக வேண்டும். அதாவது, பதினோரு வயதில் ஒருவர் எடுக்கும் முடிவு பதினெட்டு வயதில் எந்தக் கதவு திறக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. அப்படி ஒரு முடிவு எடுக்கப்பட்டது என்பதே பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

ஏணியின் கடைசிப் படி எல்லாப் பள்ளிகளிலும் இருப்பதும் இல்லை. மத்திய அரசின் சிவில் உரிமைகள் தரவுத் தொகுப்பின்படி, 2015-16 கல்வியாண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பாதியில்தான் கால்குலஸ் கற்பிக்கப்பட்டது. கறுப்பின மாணவர்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்களும் மிகுதியாகப் படிக்கும் பள்ளிகளில் இது 38 விழுக்காடுதான். பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், பள்ளியில் இல்லாத வகுப்பில் சேர முடியாது.

யார் பிரிக்கிறார்கள்? எதை வைத்து?

பிள்ளையை எந்த வகுப்பில் போடுவது என்பதற்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு வேறு அளவுகோல்கள் இருக்கின்றன. தேர்வு மதிப்பெண், ஆண்டு முழுவதும் வாங்கிய கிரேடு, ஆசிரியரின் பரிந்துரை, பெற்றோரின் வேண்டுகோள் ஆகிய நான்கும் பொதுவானவை.

இந்த நான்கில் தேர்வு மதிப்பெண் ஒன்றுதான் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவாவது. அதிலும்கூடத் தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்தவருக்குச் சாதகம் உண்டு. கிரேடு என்பதில் வீட்டுப்பாடம், நோட்டு, வகுப்பில் நடந்துகொள்ளும் விதம் எல்லாம் சேரும். இரண்டு வேலை பார்க்கும் தாயின் பிள்ளை, தம்பி தங்கையைக் கவனித்துவிட்டு இரவு பத்து மணிக்கு வீட்டுப்பாடத்தில் உட்கார்ந்தால், அதன் கிரேடு அதன் கணித அறிவைக் காட்டாது. ஆசிரியரின் பரிந்துரையில் அவரே அறியாமல் ஓர் எதிர்பார்ப்பு கலந்துவிடலாம். யார் கெட்டிக்காரர் மாதிரி தெரிகிறாரோ அவர் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். பெற்றோரின் வேண்டுகோளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கேட்கலாம் என்று தெரிந்தவர் கேட்கிறார். தெரியாதவர் பள்ளிக்கூடம் சொல்வதற்குத் தலையாட்டிவிட்டு வருகிறார்.

இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1954-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பள்ளிகள் கூடாது என்று தீர்ப்பளித்தது. கட்டடங்களைப் பிரிக்க முடியாமல் போனபின், பல இடங்களில் ஒரே கட்டடத்துக்குள் வகுப்பறைகள் பிரிந்தன. தலைநகர் வாஷிங்டனில் பிள்ளைகளைத் திறமைவாரியாகத் தடம் பிரித்த முறை, ஏழைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் அநீதி இழைக்கிறது என்று 1967-இல் நீதிபதி ஸ்கெல்லி ரைட் தீர்ப்பளித்தார். கலிஃபோர்னியாவில் 1968-69 கல்வியாண்டில் மொத்த மாணவர்களில் கறுப்பினத்தவர் 9 விழுக்காடு. ஆனால், அறிவுத்திறன் குறைந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட வகுப்புகளில் அவர்கள் 27 விழுக்காடு. அந்த ஒதுக்கீட்டுக்குப் பயன்பட்ட ஐ.க்யூ. தேர்வுகள் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாரபட்சமானவை என்று 1979-இல் 'லாரி பி. எதிர் ரைல்ஸ்' வழக்கில் நீதிபதி ராபர்ட் பெக்கம் தீர்ப்பளித்தார்.

கணிதத்தைச் சிவில் உரிமைப் பிரச்சினையாகவே பார்த்தவர் பாப் மோசஸ். 1960-களில் மிசிசிப்பியில் உயிரைப் பணயம் வைத்துக் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்தவர் அவர். 1982-இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தம் மகள் படித்த பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா இல்லை என்று தெரிந்ததும், தாமே வகுப்புக்குள் சென்று கற்பித்தார். அதிலிருந்து 'அல்ஜீப்ரா புராஜெக்ட்' என்ற இயக்கம் வளர்ந்தது. முன்பு வாக்குரிமை எப்படியோ, இன்றைய பொருளாதாரத்தில் கணித அறிவு அப்படி என்பது அவருடைய வாதம். கணிதம் தெரியாதவர் குடிமகனாக இருந்தும் கூலியாகவே நின்றுவிடுவார் என்று அவர் அஞ்சினார்.

இது யாரோ வேற்று மக்களின் கதை என்று நாம் கடந்துபோக முடியாது. 2017-இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கின்படி, அமெரிக்க முஸ்லிம்களில் ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். ஜும்ஆவில் நம் தோளோடு தோள் நிற்கும் சகோதரரின் பிள்ளையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கற்றல் குறைபாடு என்றால் என்ன?

இந்தச் சிக்கலில் மூன்றாவதாக வந்து சேர்வது கற்றல் குறைபாடு. இதைப் பற்றிய தவறான எண்ணங்கள் நம்மிடையே நிறைய.

கற்றல் குறைபாடு என்பது மந்த புத்தி அல்ல. அறிவுத்திறன் இயல்பாகவோ இயல்புக்கு மேலாகவோ இருக்கும் பிள்ளைக்கு, ஒரு குறிப்பிட்ட வகைக் கற்றல் மட்டும் கடினமாக இருப்பதே அது. எழுத்துகளை வாசிப்பதில் இடர்ப்பாடு இருந்தால் டிஸ்லெக்ஸியா. எண்களைப் புரிந்துகொள்வதில் இருந்தால் டிஸ்கால்குலியா. நூறு பிள்ளைகளில் சுமார் மூன்று முதல் ஏழு பேருக்கு டிஸ்கால்குலியா இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. வேறு வகையானது. ஆனாலும் கணக்குப் பாடத்தை அதுவும் பெரிதாகப் பாதிக்கும்.

வீட்டில் எப்படித் தெரியும்? வயது ஏறியும் சின்னக் கூட்டலுக்கு விரல்களையே நம்புவது, இரண்டு எண்களில் எது பெரியது என்று சொல்லத் தடுமாறுவது, நேற்று மனப்பாடமாகச் சொன்ன வாய்ப்பாடு இன்று சுத்தமாக மறந்துபோவது, கடிகாரம் பார்க்கவும் மீதிச் சில்லறை எண்ணவும் திணறுவது ஆகியவை டிஸ்கால்குலியாவின் அடையாளங்களாக இருக்கலாம். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு எண்கள் நன்றாக வரலாம். கேள்வி நாலு வரி வாக்கியமாக வந்தால் மட்டும் தவறிவிடும். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளை வழிமுறையைச் சரியாகப் போட்டுவிட்டுக் கழித்தல் குறியைக் கூட்டல் என்று எழுதிவிடும். இவற்றில் ஒன்றிரண்டு இருப்பதால் மட்டுமே குறைபாடு என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது. பரிசோதனை தேவை என்பதற்கான அறிகுறிகள் மட்டுமே இவை.

இத்தகைய பிள்ளைக்குப் பெரிய கணித யோசனைகள் எளிதாகப் புரியலாம். வேகமாகக் கணக்கிடுவதும், படிகளை நினைவில் வைப்பதும்தான் தடையாக இருக்கும். கூடுதல் நேரம், கால்குலேட்டர், கட்டம் போட்ட தாள், சூத்திர அட்டை, கேள்வியை ஒருவர் வாசித்துக் காட்டுவது போன்ற சிறு உதவிகள் பலருக்குப் பெரிய மாற்றத்தைத் தரும். நேரம் குறித்து நடத்தும் வேகத் தேர்வை வைத்து இந்தப் பிள்ளையை எடைபோட்டால், தவறான எடைதான் கிடைக்கும்.

ஒரே குறைபாடு, இரண்டு வாழ்க்கை

ஒரே குறைபாடு வசதியான வீட்டில் ஒரு விதமாகவும், ஏழை வீட்டில் வேறு விதமாகவும் விளைவு தருகிறது.

2022-23 கல்வியாண்டில் அமெரிக்க அரசுப் பள்ளிகளில் சுமார் 75 லட்சம் மாணவர்கள், அதாவது 15 விழுக்காட்டினர், சட்டப்படியான சிறப்புக் கல்விச் சேவை பெற்றார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கற்றல் குறைபாடு. சட்டம் இங்கே பெற்றோர் பக்கம்தான் இருக்கிறது. 1975-இல் வந்த சட்டம், இப்போது ஐ.டி.இ.ஏ. என்று அழைக்கப்படுவது, மாற்றுத்திறனுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பரிசோதனையையும் தகுந்த கல்வியையும் உறுதிசெய்கிறது. 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு, தேர்வில் கூடுதல் நேரம் போன்ற வசதிகளுக்கு வழிசெய்கிறது.

ஆனால், சட்டத்தில் இருப்பது தானாக வீட்டுக்கு வருவதில்லை. வசதியுள்ள பெற்றோர் சில ஆயிரம் டாலர் செலவழித்துத் தனியார் உளவியல் நிபுணரிடம் அறிக்கை வாங்குகிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளியிடம் பேசுகிறார்கள். பிள்ளைக்குக் கூடுதல் நேரமும் கிடைக்கிறது, மேல்நிலைக் கணித வகுப்பும் கிடைக்கிறது. 2019-இல் அம்பலமான கல்லூரிச் சேர்க்கை மோசடி வழக்கில், பணக்காரப் பெற்றோர் சிலர் இல்லாத குறைபாட்டுக்குச் சான்று வாங்கித் தேர்வில் கூடுதல் நேரம் பெற்றதும் வெளிவந்தது. உண்மையாகவே தேவைப்படும் ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்காத உதவி, தேவையே இல்லாதவருக்கு விலைக்குக் கிடைத்திருக்கிறது.

ஏழை வீட்டிலும் கறுப்பின வீட்டிலும் அதே குறைபாடு பெரும்பாலும் வேறு பெயர் பெறுகிறது. "சோம்பேறி", "அடங்காதவன்", "வீட்டில் கவனிப்பில்லை" என்பவை அந்தப் பெயர்கள். குறைபாடு கண்டறியப்பட்டாலும், உதவியோடு மேல் வகுப்பில் வைப்பதற்குப் பதிலாகக் கீழ் வகுப்பில் ஒதுக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. ஒருபுறம் தேவையான உதவி கிடைப்பதில்லை. மறுபுறம் தேவையற்ற முத்திரை விழுகிறது. இரண்டும் ஒரே சமூகத்துக்கு ஒரே நேரத்தில் நடக்கிறது.

நம் பிள்ளைகளின் நிலை இன்னொரு மாதிரி. இந்தியப் பிள்ளை, ஆசியப் பிள்ளை என்றாலே கணக்கில் புலி என்ற எண்ணம் அமெரிக்காவில் பரவலாக இருக்கிறது. கேட்க இனிமையாக இருந்தாலும் இதில் ஒரு கண்ணி உண்டு. சிறப்புக் கல்விச் சேவை பெறுவோரில் ஆசியப் பிள்ளைகளின் விகிதமே மிகவும் குறைவு. நம் பிள்ளை திணறும்போது, "இவன் முயற்சி செய்யவில்லை" என்று ஆசிரியர் நினைத்துவிடுகிறார். "ஊரார் என்ன சொல்வார்கள், நாளைக்கு மணம் பேசும்போது இது வந்து நிற்குமே" என்று நாமும் மூடி மறைக்கிறோம். வெளியார் வைத்த எதிர்பார்ப்பும் வீட்டார் வைத்த வெட்கமும் சேர்ந்து பிள்ளையைத் தனியே விட்டுவிடுகின்றன.

ஏணியை எடுத்துவிட்டால் சமமாகிவிடுமா?

இதற்குத் தீர்வு என்ன என்பதில் அமெரிக்காவில் கடும் விவாதம் நடக்கிறது. எல்லாரையும் ஒரே வகுப்பில் வைத்துவிடுவோம் என்பது ஒரு தரப்பு. சான் ஃபிரான்சிஸ்கோ மாவட்டம் 2014-இல் அதைத்தான் செய்தது. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ராவை நிறுத்தி, எல்லாரும் ஒன்பதாம் வகுப்பில் படிக்கட்டும் என்றது. நோக்கம் நல்லதுதான். ஆனால், வசதியுள்ள பெற்றோர் வெளியே பணம் கட்டித் தம் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ராவை முன்கூட்டியே முடித்துக்கொடுத்தார்கள். மேல்நிலைக் கணித வகுப்புகளில் இன இடைவெளி பெரிய அளவில் அப்படியே நீடித்ததை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் காட்டினார்கள். 2024 மார்ச்சில், எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா மீண்டும் வேண்டும் என்ற தீர்மானத்துக்கு நகர வாக்காளர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆதரவளித்தார்கள். மாவட்டமும் அதைத் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தது.

பலன் தந்தது வேறொரு வழி: கேட்பவரை மட்டும் பார்க்காமல், எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பது.

ஃபுளோரிடாவின் பிரோவர்ட் மாவட்டத்தில் சிறப்புத்திறன் வகுப்புகளுக்கு முன்பெல்லாம் ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த பிள்ளைகளை மட்டுமே சோதித்தார்கள். 2005-இலிருந்து இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு தொடக்கநிலைச் சோதனை நடத்தினார்கள். டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்ற பொருளாதார ஆய்வாளர்கள் அதன் விளைவை அளந்தார்கள். சிறப்புத்திறன் உள்ளவர்களாகக் கண்டறியப்பட்ட லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகளின் விகிதம் 130 விழுக்காடும், கறுப்பினப் பிள்ளைகளின் விகிதம் 80 விழுக்காடும் உயர்ந்தன. தகுதி மதிப்பெண்ணைக் குறைத்ததால் வந்த உயர்வு அல்ல இது. அந்தப் பிள்ளைகள் முன்பும் அங்கேதான் இருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பின்னர் நிதி நெருக்கடியில் இத்திட்டம் கைவிடப்பட்டபோது, கிடைத்த முன்னேற்றமும் கரைந்துபோனது.

சட்டங்களும் இந்தத் திசையில் வந்திருக்கின்றன. கலிஃபோர்னியாவின் 2015-ஆம் ஆண்டுக் கணித வகுப்பு ஒதுக்கீட்டுச் சட்டம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிரிக்கும் விதி வெளிப்படையாகவும், ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகோல்களோடும் இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி தொடங்கிய முதல் மாதத்துக்குள் ஒதுக்கீட்டை மறுபடி சரிபார்க்க வேண்டும், பெற்றோர் முறையிட வழி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வட கரோலினாவில், நல்ல மதிப்பெண் வாங்கிய ஏழைப் பிள்ளைகள் மேல்வகுப்புகளில் சேர்க்கப்படாமல் விடுபடுவதை 2017-இல் நாளிதழ்கள் தரவுகளோடு வெளியிட்டன. மறு ஆண்டே, மாநிலத் தேர்வில் மிக உயர்ந்த நிலையை எட்டும் பிள்ளைகளை மேல்நிலைக் கணித வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. டெக்ஸாஸில் 2023-இல் வந்த சட்டப்படி, ஐந்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் முதல் 40 விழுக்காட்டில் வரும் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் தானாகவே மேல்நிலைக் கணிதத்தில் சேர்க்கப்படுவார்கள். வேண்டாம் என்றால் பெற்றோர்தான் எழுதித் தர வேண்டும். முன்பு, வேண்டும் என்றவர் எழுத வேண்டியிருந்தது. இந்தச் சின்ன மாற்றம், கேட்கத் தெரியாத வீட்டுப் பிள்ளைக்கும் கதவைத் திறந்துவிடுகிறது.

தேர்வு மதிப்பெண்ணை மட்டும் நம்பும் இச்சட்டங்கள் போதும் என்று நாம் சொல்லவில்லை. கற்றல் குறைபாடு கண்டறியப்படாத பிள்ளை அந்தத் தேர்விலேயே தவறிவிடும். அதனால் எல்லாப் பிள்ளைகளையும் சோதிப்பதும், குறைபாடுள்ள பிள்ளைக்கு உரிய வசதியோடு சோதிப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

திருக்குர்ஆனின் 80-ஆவது அத்தியாயம் 'அபஸ'. அது இறங்கிய பின்னணி நாம் அறிந்ததே. குறைஷித் தலைவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் மார்க்கத்தை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், கண்பார்வை இல்லாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கற்றுக்கொள்ள வந்தார்கள். அந்தத் தலைவர்களிடம் பேச்சு நடந்துகொண்டிருந்ததால் நபி (ஸல்) அவர்களின் முகம் சற்றுச் சுளித்துத் திரும்பியது. உடனே அல்லாஹ் அதைத் திருத்தி வசனங்களை இறக்கினான். பின்னாளில் அதே தோழர் மதீனாவில் பாங்கு சொல்பவராகவும், நபி (ஸல்) அவர்கள் பயணம் சென்ற சில வேளைகளில் மதீனாவின் பொறுப்பை ஏற்றவராகவும் இருந்தார்கள்.

கற்க வந்தவரிடம் ஓர் உடற்குறை இருந்தது. எதிரே செல்வாக்குள்ளவர்கள் அமர்ந்திருந்தார்கள். அந்த நிலையில் யாருக்கு முதல் கவனம் என்பதை அல்லாஹ்வே தீர்த்துவைத்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பிரிக்கும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் வேறென்ன வேண்டும்?

அல்ஜீப்ரா என்ற சொல்லும் நம் வீட்டுச் சொத்துதான். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் இருந்த 'அல்ஜப்ர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது அது. வாரிசுகளுக்குச் சொத்து பங்கிடுவது அந்நூலின் ஒரு பெரிய பகுதி. ஒவ்வொருவருக்கும் உரிய பங்கைக் குறையாமல் கொடுக்கப் பயன்பட்ட கலை, இன்று பிள்ளைகளைப் பங்கில்லாமல் வெளியே நிறுத்தும் வேலியாக மாறியிருப்பது வேதனை.

பெற்றோர் கேட்க வேண்டியவை

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் கீழ்க்கண்டவற்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்குள்ள உறவினருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

1. ஐந்தாம் வகுப்பிலேயே கேளுங்கள். "என் பிள்ளை ஆறாம் வகுப்பில் எந்தக் கணித வகுப்பில் சேரும்? அது பன்னிரண்டாம் வகுப்பில் எங்கே கொண்டுபோய் விடும்? எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?" இந்த மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

2. தேர்வு மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்ட வகுப்பும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் மறுபரிசீலனை கேளுங்கள். பணிவாகக் கேட்கலாம். விடாமல் கேட்க வேண்டும்.

3. கற்றல் குறைபாடு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், பரிசோதனை வேண்டும் என்று பள்ளிக்குத் தேதியிட்டுக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். வாய்வார்த்தை காற்றோடு போய்விடும். பரிசோதனை இலவசம். நீங்கள் சம்மதக் கையெழுத்திட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது மத்திய விதி. மாநிலங்கள் தமக்கென வேறு காலக்கெடுவும் வைத்திருக்கலாம்.

4. பள்ளியின் பரிசோதனை முடிவு சரியில்லை என்று பட்டால், பள்ளிக்கு வெளியே உள்ள நிபுணரைக் கொண்டு மறு பரிசோதனையை அரசுச் செலவிலேயே கேட்கும் உரிமை உண்டு. பள்ளி அதை மறுக்க விரும்பினால், விசாரணை அதிகாரி முன் தன் பரிசோதனை சரி என்று நிரூபிக்க வேண்டும்.

5. ஆங்கிலம் சரளமாக வராது என்று ஒதுங்கிவிடாதீர்கள். பிள்ளையின் கல்வித் திட்டம் பற்றிய கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

6. "மேல்நிலை வகுப்பு வேண்டுமானால் சிறப்பு உதவியை விட்டுவிடுங்கள்" என்று பள்ளி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தகுதியுள்ள மாற்றுத்திறன் மாணவருக்கு அப்படி நிபந்தனை போடக் கூடாது என்று அமெரிக்கக் கல்வித் துறையின் சிவில் உரிமைகள் அலுவலகம் 2007 டிசம்பரில் எல்லாப் பள்ளிகளுக்கும் எழுதிய கடிதத்தில் தெளிவாக்கியிருக்கிறது. உதவியும் மேல்வகுப்பும் சேர்ந்தே கிடைக்கலாம்.

7. பிள்ளையின் காதுபட "இவனுக்குக் கணக்கு வராது" என்று சொல்லாதீர்கள். பெரியப்பா மகனோடும் மாமி மகளோடும் ஒப்பிடாதீர்கள்.

8. உங்கள் பிள்ளைக்காகத் தெரிந்துகொண்டதை அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகவும் கேளுங்கள். அகதியாக வந்த குடும்பம், தந்தை இல்லாத வீடு, இரவுப் பணிக்குப் போகும் தாய் ஆகியோரின் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடத்தில் பேச ஆள் இருப்பதில்லை. வார இறுதி மதரஸாவில் ஒரு மணி நேரம் இலவசக் கணித வகுப்பு, பள்ளிக் கூட்டத்துக்கு ஒரு துணை, ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க ஒருவர் என்று பள்ளிவாசல் நிர்வாகமும் இளைஞர்களும் செய்யக்கூடியவை நிறைய.

ஊரில் இருப்பவர்களுக்கும்

தமிழ்நாட்டில் இனம் என்ற பிரச்சினை அந்த வடிவில் இல்லை. ஆனால், பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துப் பதினொன்றாம் வகுப்பில் குரூப் ஒதுக்கும்போது நம் பிள்ளைகளும் இதே மாதிரி ஓர் ஏணியின் முன்தான் நிற்கிறார்கள். கணக்கு இருக்கும் குரூப் கிடைக்காவிட்டால் பொறியியல் கதவு அங்கேயே சாத்தப்படுகிறது. டிஸ்லெக்ஸியாவும் டிஸ்கால்குலியாவும் இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளாக ஏற்கப்பட்டிருக்கின்றன. உரிய சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். இதை அறியாமல், ஒவ்வோர் ஆண்டும் "படிப்பு ஏறாத பிள்ளை" என்று கடைக்கும் வெளிநாட்டு வேலைக்கும் அனுப்பப்படும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையில் கவனிக்கப்படாத பிள்ளைகளோ, அல்லாஹ்வே அறிவான்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கணக்கில் பின்தங்கிய பிள்ளையைத் திட்டுவதற்கு முன், அது எந்த இடத்தில் தடுமாறுகிறது, அதை யாராவது முறையாகப் பார்த்தார்களா என்ற இரண்டு கேள்விகளையும் இந்த வாரமே கேட்போம். நம் பிள்ளைக்காகவும், கேட்க ஆளில்லாத பிள்ளைக்காகவும் கேட்போம். பயனுள்ள கல்வியை நம் சந்ததிகள் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் எளிதாக்கித் தருவானாக. ஆமீன்.